சேத்தூர் வரைக்குமான தையல்

ஏட்டி, முதலில் உட்கார். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே படிக்கிற உன் பழக்கம் இந்தக் கடிதத்துக்கு ஆகாது. இது நாலைந்து பக்கம் வரும். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாய் நீளம் என்று தெருவே சொல்கிற உன் அம்மாவுக்கு இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வாய் வரவில்லை. அதனால் என் தையல் கடையில் சீட் கவர் அளவு எழுதுகிற நோட்டில் தாளைக் கிழித்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை உன் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்போது உன் அறையில் கொடுத்துவிடுவார். உறையை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். அவருக்கும் இன்னும் இது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டு வாசலிலிருந்து சைக்கிளை எடுக்கிறாய். தென்காசி, செங்கோட்டை, கணவாய் தாண்டிக் கொல்லம். அங்கிருந்து கடலோரமாகவே கொச்சி. பிறகு மூணாறு ஏறி, போடிக்கு இறங்கி, உசிலம்பட்டி, பேரையூர் என்று சுற்றி, நீ வேலை பார்க்கிற கிருஷ்ணன்கோவில் கல்லூரி வாசல் வழியாகவே திரும்பி வீடு. பன்னிரண்டு நாள், தனியாக. இதற்கெல்லாம் வேண்டிய துணிமணி, படுக்கை, சாமான் எல்லாம் நான் தைத்திருக்கிற பையில்தான் போகப்போகிறது. அந்தப் பையை நம்பி எடுத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று நீ முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டிய ஒன்றை நான் சொல்ல வேண்டும். சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதலில் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கை வேலையைப் பற்றிப் பேசினால்தான் எனக்குப் பேச்சு ஓடும்.

மூன்று பை. நடுவில் சைக்கிள் கம்பி முக்கோணத்துக்குள் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று, சீட்டுக்குப் பின்னால் ஒன்று. நடுப்பைக்கு நீ போன மாதம் அட்டைப்பெட்டியில் வெட்டிக் கொடுத்த அளவு பிசகு. கம்பியோடு கம்பியாக ஒட்டி வெட்டியிருந்தாய். கேபிள் ஓடுவதற்கு இடம் வேண்டாமா? சுற்றிலும் ஒரு விரல் குறைத்துத்தான் வெட்டினேன். துணி, லாரித் தார்ப்பாய். நீ சொன்ன பிளெக்ஸ் பேனர் வேண்டாம். மடிக்கிற இடத்தில் வெயில் பட்டுப் பட்டு அப்பளம் மாதிரி உடையும். சீட் கவர் ரெக்சினும் ஆகாது, அடித்துணி தண்ணீரைக் குடித்துக்குடித்துப் பையே கனத்துப்போகும். தார்ப்பாய் நல்லதுதான், ஆனால் ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். அதனால் தையல் முழுக்க உள்பக்கம் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவிக் காயவைத்திருக்கிறேன். இரண்டு நாள் கடையில் மூச்சு விட முடியவில்லை. அப்படியும் மாற்றுத்துணியையும் படுக்கையையும் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டித்தான் வைக்க வேண்டும். தைத்தவளே சொல்கிறேன், எந்தப் பையும் மழைக்கு முழுசாகத் தாங்காது.

கனத்தை எங்கே வைப்பது என்பதற்கு நீ வீடியோ பார்க்க வேண்டியதில்லை, உன் அப்பாவை நினைத்துக்கொண்டால் போதும். ஒருதரம் அரிசி மூட்டையை மொபெட்டின் கேரியரில் பின்னால் தள்ளிக் கட்டிக்கொண்டு வந்தார். முன்சக்கரம் தரையில் நிற்காமல் ஆடி, கோயில் வாசலில் பூ விற்கிற பெண்ணின் கூடைமேலேயே போய் நின்றார். அதே மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தால் வண்டி அன்னநடை போட்டிருக்கும். அதுதான் கணக்கு. தண்ணீர், கருவி, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் நடுப்பையில் அடியில். முன்னால் படுக்கை மட்டும். சீட்டுக்குப் பின்னால் உடுதுணி. பின்பையை இறுக்கிச் சுருட்டிக் கட்டு. தொளதொளவென்று விட்டால் நீ மிதிக்கும்போதெல்லாம் அது நாய் வால் மாதிரி ஆடும்.

வார் உரசுகிற இடமெல்லாம் பழைய டியூபைக் கிழித்துச் சுற்றிக்கொள். கம்பியில் பெயிண்டும் போகாது, வாரும் நழுவாது. மிச்ச டியூபை வளையம் வளையமாக வெட்டி ஒரு பத்து கையில் வைத்துக்கொள், எதைக் கட்டவும் ஆகும். பழைய டயரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வைத்துக்கொள். டயர் கிழிந்தால் உள்ளே அணை கொடுத்து அடுத்த ஊர் போய்ச் சேரலாம். திருகாணி, செயின் துண்டு, ஸ்போக் கம்பி இரண்டு. இவ்வளவையும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துச் சைக்கிள் கடைக்காரரிடம் வாங்கிவைத்திருக்கிறேன். அவரிடம் போனதில்தான் எனக்கு இந்தக் கடிதம் எழுதுகிற நிலைமையே வந்தது. அதற்கு வருகிறேன்.

பாதை விஷயம். உன் போனில் இருக்கிற மேப் கெட்டிக்காரத்தனமாகக் குறுக்கு வழி காட்டும். அது காட்டுகிற குறுக்கு வழியில் பாதி, யாராவது ஒருத்தருடைய மாந்தோப்புக் கம்பிவேலியில் போய் முடியும். மீதி காட்டுக்குள் போகும், அங்கே யானையும் இருக்கும், வனத்துறை கேட்டும் இருக்கும். அகலமான சாலையில் அதிகாலையில் போ, லாரி பெருகுவதற்குள் ஒதுங்கிவிடு. கணவாய் ஏறும் அன்று செங்கோட்டையில் தங்கி விடியும்போது ஏறு. இது தை மாதம், காற்று உன் முதுகைத்தான் தள்ளும். ஆனி ஆடி மாதிரி கணவாயிலிருந்து முகத்தில் அறையாது. கடையநல்லூரிலிருந்து புனலூர் தாண்டியும் தண்டவாளம் கூடவே வருகிறது. எந்த ஸ்டேஷனில் எந்த நேரத்துக்கு வண்டி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள். முடியவில்லை என்றால் சைக்கிளோடு ரயில் ஏறி வந்துவிடு. அதற்காக உன்னை ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்னிடம் அனுப்பு.

ஒன்று மறந்துவிடாதே. வழி கேட்டால் நம் பக்கத்தில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "இந்தா, செத்த நேரத்துல போயிரலாம்." அந்தச் செத்த நேரம் மோட்டார் சைக்கிள்காரனுடைய செத்த நேரம். உனக்கு அது அரை நாள். எவ்வளவு தூரம் என்று கேட்காதே. அடுத்த டீக்கடை எங்கே, அதுவரைக்கும் ஏற்றமா இறக்கமா என்று கேள். ஆடு மேய்க்கிறவரிடம் கேள், சைக்கிளில் பால் கொண்டுபோகிறவரிடம் கேள். மிதிக்கிற காலுக்குத்தான் ஏற்றம் தெரியும். பால்கோவாவை மூணாறு வரைக்கும் காப்பாற்றலாம் என்று நினைக்காதே, முதல் நாளே தின்றுவிடு. கடலைமிட்டாயும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும்தான் உனக்குத் துணை.

சரி, இதற்குமேல் சொல்லிக்கொண்டே போனால் நான் தட்டிக்கழிக்கிறேன் என்று அர்த்தம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதச் சாரலில், நீ முதல்முறையாகக் குற்றாலத்துக்குச் சைக்கிளில் போகிறேன் என்றாய். தனியாக, இரண்டு நாள். வேண்டாம் என்றேன். நீ கேட்கவில்லை. உன் அப்பா ஷிப்டு முடிந்து வந்து, போகட்டும் விடு என்றார். அவர் எதற்கும் போகட்டும் விடு என்பவர்தான். மாடியில் தண்ணீர்த் தொட்டி வழிந்தாலும் அதைத்தான் சொல்வார். எனக்கு ஆத்திரம். பயமும்தான், ஆனால் அன்றைக்கு ஆத்திரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் என்ன கேட்பார்கள், கல்யாணம் பேசுகிற இடத்தில் என்ன சொல்வார்கள் என்று மண்டைக்குள் ஒரே இரைச்சல். நீ மகனாக இருந்திருந்தால் இந்த இரைச்சல் கேட்டிருக்காது. அதை இப்போது எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

சீட்டுக்குப் பின்னால் கட்டுகிற பையை என்னிடம்தான் தைக்கக் கொடுத்தாய். தைத்தேன். நாலு வார். மூன்றை நைலான் நூலில் கெட்டித் தையல் போட்டேன். நாலாவதை, அந்த வலதுபக்க வாரை, பேண்டேஜ் நூலில் தைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறியில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அந்தக் காலத்து நூல்கோன் ஒன்று கடை அலமாரியில் கிடந்தது. காயத்தைச் சுற்றுகிற துணிக்கான நூல் அது. முறுக்கு இருக்காது, கையால் வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். இரண்டே ஓட்டம் ஓட்டி, மேலே பைப்பிங் துணிப்பட்டையை வைத்து மூடிவிட்டேன். வெளியே பார்த்தால் தெரியாது. ஆட்டம் கண்டு கண்டு அது சேத்தூர் போவதற்குள் அறும் என்று என் கணக்கு. ஊரை ஒட்டித்தானே. பை தொங்கும், நீ கோபப்படுவாய், திரும்பி வந்துவிடுவாய். அவ்வளவுதான் நினைத்தேன். சக்கரம் ஒன்று பையின் கீழே சுற்றிக்கொண்டிருக்கும் என்பதை, இருபது வருஷமாக வண்டிக்குச் சீட் தைக்கிறவள், நினைக்கவே இல்லை.

நீ கிளம்பின பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு வேறு தெரு வழியாக உனக்கு முன்னால் சேத்தூர் போய்ச் சேர்ந்தேன். அறுந்த பையோடு நிற்கிற உன்னைத் தற்செயலாகப் பார்க்கிற மாதிரி பார்த்து, கூட்டிக்கொண்டு வரலாம் என்று. பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் உட்கார்ந்தேன். இரண்டு டீ குடித்தேன். நீ வந்தாய். பை அசையாமல் நின்றது. என்னைப் பார்த்ததும் உன் முகம் பூத்தது பார், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாய். சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடிவந்து என் டீயில் பாதியைக் குடித்தாய்.

"எம்மா, இம்புட்டுத் தூரம் எனக்காகவா வந்த?" என்றாய். பிறகு பையைத் தட்டிக் காட்டினாய். "உன் பை கல்லு மாதிரி நிக்கி. ஒரு ஆட்டம் இல்ல."

ஏட்டி, அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். செத்த நேரம் இரு என்று சொல்லி, அந்த வாரைப் பிரித்து, கையால் நாலு தையல் போட்டிருந்தால் முடிந்தது. என் கைப்பையில் ஊசி இருந்தது, நைலான் நூல் இருந்தது. நான் எங்கே போனாலும் இருக்கும். ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பாய். கேட்டால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்துகொண்டு, பார்த்துப் போ என்று கையாட்டினேன். வீட்டில் அந்த நூலை ஊசியில் கோத்தது ஆத்திரத்தில் செய்தது. சேத்தூரில் வாயைத் திறக்காமல் இருந்தது தெரிந்தே செய்தது. என் மனசை அறுக்கிறது இரண்டாவதுதான்.

கடையநல்லூர் தாண்டி அறுந்தது. பை வலதுபக்கம் சரிந்து சக்கரத்துக்குள் போய், சக்கரம் பூட்டி, நீ ரோட்டோரத்தில் விழுந்தாய். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் அடித்ததால் இன்றைக்கு நீ இருக்கிறாய். மோவாயில் ஐந்து தையல். நானும் அப்பாவும் ஓடி வந்தபோது ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், மோவாயைச் சுற்றி வெள்ளை பேண்டேஜ். அதே நூல்தான். அதைப் பார்த்தும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நர்ஸ், லாரிக்காரர், உன் அப்பா எல்லோர் முன்னாலும் நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

"அப்பமே சொன்னேன்லா? பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலி?"

நீ அப்பா பக்கம் திரும்பினாய். அவரிடம் மட்டும், ரோடு சரியில்லை என்றாய்.

அதன்பிறகு நீ போவதை நிறுத்தவில்லை. கொடைக்கானல் போனாய், தனுஷ்கோடி போனாய். நான் தடுக்கவும் இல்லை, தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் மூன்று வருஷமாக ஒரு வார் தைக்கக்கூட என் கடைக்கு வரவில்லை. வேலை, தூரம், நேரமில்லை என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். போன மாதம் திடீரென்று அட்டைப்பெட்டி அளவோடு வந்து நின்றாய். "எம்மா, இந்தத் தடவ பை எல்லாம் நீயே தச்சுத் தாரியா?" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை எல்லாவற்றையும் மறந்துவிட்டாள், அவளுக்கு எதுவுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அந்த வாரம் முழுக்கக் கடையில் பாட்டுப் பாடிக்கொண்டே மிஷினை மிதித்தேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பின்பைக்கு அளவு பார்க்கப் பரணிலிருந்து உன் பழைய பையை இறக்கினேன். வலதுபக்க வாரை நீ திரும்பத் தைத்திருந்தாய், பல் இடுக்கில் விட்டு இழுக்கிற மெழுகு நூலால். கெட்டிக்காரி என்று நினைத்தேன். அந்த நூல் எளிதில் அறாது. பிறகு இடதுபக்கம் பார்த்தேன். அதுவும் மெழுகு நூல். கீழ் வார் இரண்டும் மெழுகு நூல். அறாத மூன்றையும் பிரித்து, என் தையலை ஒன்று விடாமல் உருவி எடுத்துவிட்டு, உன் கையால் குத்தித் தைத்திருந்தாய். கோணல் தையல். ஒரு இடத்தில் ஊசி விரலில் குத்தியிருக்க வேண்டும், ரத்தக் கறை இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

மறுநாள் டியூப் வாங்கப் போனபோது சைக்கிள் கடைக்காரர் தானாகவே பேச்செடுத்தார். அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது, உன்னைப் பெருமையாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். "ஒங்க பிள்ளை அன்னைக்கு விழுந்து வந்தப்ப என் கடையிலதான் உக்காந்து நாலு வாரையும் பிரிச்சு தச்சுதுக்கா. நல்லாருக்கதை எதுக்கும்மா பிரிக்கேன்னு கேட்டேன். எதை நம்பன்னு தெரியலண்ணேன்னு சொல்லிச்சு."

ஆக, உனக்குத் தெரியும். அந்த அறுந்த நுனியைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். சின்ன வயதில் கடைத்தரையில் உட்கார்ந்து பேண்டேஜ் நூலில் பட்டம் கட்டினவள் நீ. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் நான் கத்தினபோதே உனக்குத் தெரியும். அப்படியும் ரோட்டின்மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றினாய். அது மட்டுமா? தெரிந்துகொண்டேதான் போன மாதம் வந்து, நீயே தைத்துத் தா என்று கேட்டிருக்கிறாய். ஏன் கேட்டாய் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். மன்னித்துவிட்டதால் கேட்டாயா, நான் சொல்கிறேனா பார்ப்போம் என்று கேட்டாயா, எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதற்குப் பதில் இந்தக் கடிதம்தான். நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன். உன்னைச் சேத்தூரில் தெரிந்தே போகவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு, தைத்து முடித்திருந்த புதுப் பைகளில் வார் எல்லாவற்றையும் நானே பிரித்தேன். பைப்பிங்கை எடுத்துவிட்டேன், பின்பையையும் அப்படியே தைத்தேன். இப்போது ஒரு தையல்கூட மூடிக் கிடக்கவில்லை. கருப்புத் தார்ப்பாயில் மஞ்சள் நைலான் நூல், எல்லாமே வெளியே தெரிகிற மாதிரி. பார்க்க அழகாக இல்லை, உன் அப்பா ஆட்டோ மாதிரி இருக்கிறது என்றார். இருக்கட்டும். தினமும் காலையில் கிளம்புவதற்கு முன்னால் மஞ்சள் நூல் எங்கேயாவது பிசிறுகிறதா என்று விரலால் தடவிப் பார். பிசிறினால் நடுப்பையின் சின்ன அறையில் ஊசியும் அதே நூலும் வைத்திருக்கிறேன். யார் தைத்த பையானாலும் அப்படிப் பார்த்துத்தான் ஏற வேண்டும். உன் அம்மா தைத்ததானால் இரண்டுதரம் பார்.

பின்பையை மட்டும் இன்னும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. இந்தப் புதன்கிழமை மத்தியானம் அதற்குள் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைத் திணித்து, கடை உத்தரத்துக் கொக்கியில் நாலு வாராலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நீ அதில் வைக்கப்போவது ஐந்து கிலோகூட வராது. வருகிறவர்கள் எல்லாம் தலையில் இடித்துக்கொண்டு திட்டுகிறார்கள். உன் அப்பா, போதும் இறக்கு, கடைக்குள் நடக்க முடியவில்லை என்கிறார். நான் இறக்க மாட்டேன், அவரையும் தொடவிட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கடையைத் திறந்துவைத்துக்கொண்டு நான் வெளியே நிற்கிறேன். நீ உள்ளே போ. வாரை இழுத்துப் பார், ஊசியால் கிளறிப் பார், நம்பிக்கை வரவில்லை என்றால் அந்தப் பழைய கோணல் தையல் பையைக் கட்டிக்கொண்டு போ, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நம்பிக்கை வந்தால் மட்டும், உன் கையாலேயே அதை இறக்கு.